சூடாகச் சோறு தரும் கொன்பினி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மனம் ஒப்பவில்லை. 'கொன்பினி' என்று அங்கே சொல்லும் சிறு கடைகள் நாடு முழுக்க ஒரே மாதிரிதான், ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவர் டோக்கியோ, ஒசாகாவோடு திரும்பிவிட்டார். வடக்கே ஹொக்கைடோ தீவுக்கு வந்து ஒரு செய்கோமார்ட் கடைக்குள் நுழைந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். 2016 முதல் சப்போரோவில் குடியிருப்பவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

செய்கோமார்ட்டின் முதல் கடை 1971இல் சப்போரோவில் திறக்கப்பட்டது. உலகமெல்லாம் தெரிந்த செவன் லெவன் டோக்கியோவில் தன் முதல் கடையைத் திறந்ததே 1974இல்தான். ஊர் ஊராக இருந்த பழைய மதுக்கடைகளைப் புது மாதிரிக் கடைகளாக மாற்றி வளர்ந்தது செய்கோமார்ட். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். கிட்டத்தட்ட எல்லாமே ஹொக்கைடோவில்தான். ஆரஞ்சு நிறப் பலகையில் ஒரு வெள்ளைப் பறவை இருக்கும். இங்குள்ளவர்கள் செல்லமாக 'செகோமா' என்பார்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதன் அடுக்களையைப் பற்றி. மற்ற கொன்பினிகளில் பெரும்பாலும் சாப்பாடு எங்கோ ஒரு தொழிற்சாலையில் தயாராகி, லாரியில் வந்து, மைக்ரோவேவில் சூடாகும். செகோமாவின் பல கடைகளில் 'ஹாட் ஷெஃப்' என்று ஒரு மூலை உண்டு. 1994இல் தொடங்கியது. அங்கேயே அரிசி வேகிறது, அங்கேயே கோழி பொரிகிறது. கதவு திறந்ததுமே அந்த வாசனை வந்துவிடும். பன்றி இறைச்சியைப் பொரித்து முட்டையோடு சோற்றின் மேல் வைத்துத் தரும் கட்ஸுடோன்தான் அங்கே பெயர் பெற்றது. என் கணவர் அதை விட்டு வேறெதையும் எடுக்க மாட்டார். எனக்குச் சால்மன் மீன் வைத்த ஒனிகிரி, அதாவது கையால் பிடித்த சோற்று உருண்டை. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவு பெரியது. உள்ளங்கையில் அதன் சூடு தெரியும்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், பனியில் பஸ்ஸுக்குக் காத்து நின்று விரல் மரத்துப்போய், தெருமுனைக் கடைக்குள் போய் அதை வாங்கினேன். அதுவரை டப்பாவில் ஆறிப்போன சோற்றைத்தான் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆறின சோறு நமக்கு எப்படி இறங்கும்? முதல் வாயிலேயே கண் கலங்கியது. கவுன்டரில் இருந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, கை துடைக்க இன்னொரு ஈரத்தாளை எடுத்துக் கொடுத்தார்.

ஹொக்கைடோ பெரிய நிலம், ஆட்கள் குறைவு. இங்குள்ள 179 நகர, கிராம உள்ளாட்சிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் செகோமா இருக்கிறது, ரிஷிரி, ரெபுன் தீவுகள் உட்பட. வடகோடியில் உள்ள வக்கனாய்க்குச் சப்போரோவிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கடலோரப் பாதையில் ஷொசன்பெத்சு என்ற கிராமம். சுமார் ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். கடை வேண்டும் என்று கிராமமே கேட்டு, 2014இல் அங்கே ஒரு செகோமா வந்தது. லாபக் கணக்கு மட்டும் பார்க்கிறவர்கள் அங்கே கடை வைத்திருக்க மாட்டார்கள். நாங்கள் ஒருமுறை அந்த வழியே போனபோது, கடையில் இரண்டு பாட்டிமார் நின்றுகொண்டே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை.

2018 செப்டம்பர் 6, அதிகாலை மூன்று மணி தாண்டி நில நடுக்கம். தீவு முழுவதும் மின்சாரம் போய்விட்டது. விடிந்ததும் என்ன கிடைக்கும் என்றே தெரியாமல் வெளியே வந்தோம். எங்கள் தெருமுனைச் செகோமா திறந்திருந்தது! காரின் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கல்லா இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு கேஸ் அடுப்பு என்பதால் சோறு வடித்தார்கள். உள்ளே வைக்க எதுவும் இல்லை. உப்பு மட்டும் தொட்டுப் பிடித்த ஒனிகிரி. வரிசையில் யாரும் முண்டியடிக்கவில்லை, ஆளுக்கு ஒன்றிரண்டாக வாங்கிப் போனார்கள். அன்று தீவில் இருந்த செகோமா கடைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து திறந்திருந்தன என்று பிறகு செய்தியில் பார்த்தேன். அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டிலும் இருட்டுத்தானே? அவர்களும் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தானே வந்திருப்பார்கள்? அந்த உப்புச் சோற்றை நான் மறக்கவே மாட்டேன்.

இன்னும் சொல்ல ஆசைதான். பாலுக்கு வடக்கே தொயோதொமியில் சொந்த ஆலை வைத்திருக்கிறார்கள். ஹொக்கைடோ முலாம்பழத்தில் செய்த அவர்களது ஐஸ்கிரீமை என் மகள் பனிக்காலத்திலும் கேட்டு வாங்குவாள்.

கட்டுரையாளர் மறுமுறை ஜப்பான் வந்தால் தயவுசெய்து வடக்கேயும் வரச் சொல்லுங்கள். எல்லாக் கடையிலும் அடுக்களை இல்லை. பலகையில் 'ஹாட் ஷெஃப்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து நுழையட்டும். அப்புறம், மதியம் பன்னிரண்டுக்கு முன்பே போய்விட வேண்டும். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு சால்மன் ஒனிகிரி மிஞ்சாது.

அன்புடன்,
ஒரு வாசகி,
சப்போரோ, ஜப்பான்.