பள்ளி வரியும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் போடத் தாமதம். தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட வேண்டாம் என்று சொல். இங்கே சின்னவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவரும் டிவியும்தான்.

‘குடியேறிகளின் பிள்ளைகளால் அமெரிக்காவில் பள்ளிச் செலவு எகிறுகிறதாமே, நீயும் குடியேறிதானே?’ என்று குத்தலாகக் கேட்டிருந்தாய். குடியேறிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் புலம்பலை நான் அதிகம் கேட்பது நம்மவர்கள் கூடும் பொங்கல் விழாவில்தான். “நாம ஹெச்-1பி வேலை விசால முறையா வந்தோம், பேப்பர் இல்லாம வந்தவன் பிள்ளைக்கும் நாமதான் கட்டணுமா?” என்பார்கள், கையில் சர்க்கரைப் பொங்கலோடு.

எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிகளுக்குப் பெரிய ஆதாரம் வீட்டு வரிதான். சொத்துவரி நோட்டீஸ் வந்தால் ஏறக்குறைய பாதித் தொகை பள்ளி மாவட்டத்துக்கு என்று இருக்கும். பிள்ளைகள் படித்து முடித்த பிறகும் கட்ட வேண்டும். எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் பேப்பர் இல்லாதவர்கள் இந்த வரியைக் கட்டுவதே இல்லை என்பது தப்பு. வாடகையில் வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். கடையில் விற்பனை வரி எல்லோருக்கும் ஒன்றுதான்.

இந்தச் சண்டை பழையது. டாலஸிலிருந்து கிழக்கே நூறு மைல் போல போனால் டைலர் என்ற ஊர், ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்போனது. முறையான அனுமதி இல்லாமல் வந்த பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலப் பணம் கிடையாது என்று 1975-இல் டெக்சஸ் ஒரு சட்டம் போட்டது. 1977-இல் டைலர் பள்ளி மாவட்டம், அப்படிப்பட்ட பிள்ளைக்கு வருடம் 1,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தது. கூலி வேலைக்காரக் குடும்பம் எங்கே போகும்? சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. கோர்ட்டுக்குப் போனால் அங்கேயே பிடித்து நாடு கடத்திவிடுவார்களோ என்று பயந்து, சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டே விடிகாலையில் விசாரணைக்கு வந்தார்களாம். அந்த ஒரு விவரம் என்னை விடவே இல்லை.

1982-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். அந்தப் பிள்ளைகளை வெளியே தள்ளினால் மற்றவர்களின் படிப்பு மேம்படும் என்பதற்கு மாநிலம் ஆதாரமே காட்டவில்லை என்பதையும் கோர்ட் கவனித்தது. தோற்ற பக்கத்தில் பெயர் இருந்த பள்ளிக் கண்காணிப்பாளர் பிளைலரே, அந்த வழக்கில் தோற்றது நல்லதுதான் என்று பின்னாளில் சொன்னார்.

சரி, செலவே இல்லையா? இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்குத் தனி ஆசிரியர் வேண்டும். தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. முதல் தலைமுறைக் குடியேறிகளால் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் செலவு கூடுதல், முக்கியக் காரணம் பிள்ளைகளின் படிப்பு என்றே அதில் இருக்கிறது. அதே பிள்ளைகள் வளர்ந்ததும் நாட்டில் அதிகம் வரி தருகிறவர்களில் சேர்ந்துவிடுகிறார்கள் என்பதும் அதில்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், சம்பளத்தில் பிடிக்கிற வரி வாஷிங்டனுக்குப் போகிறது, பள்ளிக்கூடச் செலவோ உள்ளூர்க்காரன் தலையில் விழுகிறது. கோபம் அந்த ஏற்பாட்டின் மேல் வர வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற பிள்ளை மேல் வருகிறது.

இன்னொன்றைக் கேள். ஒரு மாணவருக்கு மாநிலம் கணக்கிடும் அடிப்படைத் தொகை 2019-இலிருந்து 6,160 டாலர். விலைவாசி எவ்வளவோ ஏறியும் 2025 வரை அதைத் தொடவே இல்லை, பிறகு 55 டாலர் கூட்டினார்கள். வேறு தலைப்புகளில் ஆசிரியர் சம்பளத்துக்கும் மற்றதற்கும் பணம் கொடுத்தார்கள்தான். ஆனாலும் பள்ளிகளின் பட்ஜெட்டில் விழுந்த ஓட்டைக்கு அந்தத் தேக்கம்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். பொங்கல் விழாவில் இதைச் சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. மெக்சிகோ எல்லையைப் பற்றிப் பேசுவது சுலபம், பட்ஜெட்டைப் படிப்பது கஷ்டம்.

இப்போது மறுபடியும் கிளப்பியிருக்கிறார்கள். 1982 தீர்ப்பை எதிர்த்துப் பார்க்கலாம் என்று 2022-இலேயே எங்கள் ஆளுநர் அபாட் பேசினார். 2025-இல் டென்னஸி மாநில செனட், பேப்பர் இல்லாத பிள்ளைகளைப் பள்ளிகள் சேர்க்க மறுக்கலாம் என்றொரு மசோதாவை நிறைவேற்றியது, அவர்களுடைய கீழவையில் அது நின்றுபோனது. அதே வருடம் ஜனவரியில், பள்ளிகளில் குடிவரவு அதிகாரிகள் நுழையாமலிருக்க இருந்த வழிகாட்டுதலையும் மத்திய அரசு எடுத்துவிட்டது. டெக்சஸில் பள்ளிக்குப் பணம் வருவது சேர்ந்த எண்ணிக்கையை வைத்து அல்ல, தினசரி வருகையை வைத்து. பயந்துகொண்டு பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பள்ளிக்குத்தான் நஷ்டம். செலவைக் குறைக்கிறேன் என்று கிளம்பியவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

உன்னிடம் ஒரு சந்தேகம். திருப்பூரில் நீ தலைமை ஆசிரியராக இருந்தபோது பீகார், ஒடிசா பிள்ளைகளைச் சேர்த்தாயே, தமிழ் தெரியாத பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைத்தாய்? பெற்றோர் வேலை மாறினால் பாதி வருடத்தில் போய்விடுவார்களே, பதிவேட்டில் அதை எப்படிச் சமாளித்தாய்? ஊர்க்காரர்கள் யாராவது ‘எங்க வரிப் பணம்’ என்று சண்டைக்கு வந்தார்களா? விவரமாக எழுது.

டிசம்பரில் வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. தங்கச்சிக்கு என்ன வாங்கி வரணும் என்று கேட்டுச் சொல்.

உன்
பழைய ஹாஸ்டல் கூட்டாளி