எம்.ஜி.எச். எதுவரை செல்லும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மேல்நிலை வகுப்பு, நீட் பயிற்சி மாணவர்களிடம் புழங்கும் சூத்திரத் தாள்களில் 'உயரம் என்று வந்தால் எம்.ஜி.எச். போடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எம்.ஜி.எச். என்பது நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, உயரத்தால் ஒரு பொருளுக்குக் கிடைக்கும் நிலை ஆற்றலைக் காணும் சூத்திரம். அந்தச் சூத்திரம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் சேர்ந்த மொத்தம் மாறாது என்னும் ஆற்றல் மாறா விதி போன்ற கைகொடுக்கும் கருவி இயற்பியலில் குறைவு. அதை மனப்பாட வரியாகச் சுருக்குவதால் வரும் தவறுகளை இங்கே எழுதுகிறோம்.

எம்.ஜி.எச். நன்றாகவே செல்லும் இடம் ஒன்றை முதலில் பார்க்கலாம். 20 மீட்டர் உயரமுள்ள குடிநீர்த் தொட்டியின் மேலிருந்து வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை எறிந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் என்ன? எறிகோணம் தரவில்லையே என்று பல மாணவர்கள் கணக்கை விட்டுவிடுகிறார்கள். கோணமே வேண்டாம். 15-இன் வர்க்கம் 225; அதனுடன் 2 × ஈர்ப்பு முடுக்கம் × உயரம், அதாவது 2 × 9.8 × 20 = 392-ஐக் கூட்டினால் 617. வர்க்கமூலம் 24.8. காற்றுத் தடையை விட்டுவிட்டால், மேலே எறிந்தாலும் கிடையாக எறிந்தாலும் தரையில் அதே 24.8 மீட்டர்தான். எத்தனை வினாடியில் விழும், எந்தச் சாய்வில் வந்து விழும் என்று கேட்டால் மட்டும் ஆற்றல் சமன்பாட்டில் விடை இல்லை. அதற்கு இயக்கச் சமன்பாடுகளுக்குத்தான் போக வேண்டும்.

இனி அது செல்லாத இடம். தரையிலிருந்து வினாடிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஒரு பொருளைச் செங்குத்தாக ஏவினால் எவ்வளவு உயரம் போகும்? எம்.ஜி.எச். போட்டால் 3,265 கி.மீ. என்று வரும். சரியான விடை 6,667 கி.மீ., அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். மேலே போகப் போக ஈர்ப்பு முடுக்கம் குறைவதுதான் காரணம். தரையில் 9.8 ஆக இருப்பது, புவியின் ஆரமான 6,400 கி.மீ. உயரத்தில் கால் பங்காகி 2.45-க்கு வந்துவிடுகிறது.

சரியான வழி ஒன்றும் கடினமில்லை. ஒரு கிலோ நிறைக்குக் கணக்கிடுவோம். முடிவிலியில் நிலை ஆற்றலைச் சுழி என்று கொண்டால், தரையில் அது 9.8-ஐயும் ஆரத்தையும் பெருக்கி வரும் எண்ணுக்கு எதிர்க்குறி போட்டது: கழித்தல் 6.272 கோடி ஜூல். ஏவும்போது இயக்க ஆற்றல் 3.2 கோடி. இரண்டையும் கூட்டினால் கழித்தல் 3.072 கோடி. உச்சியில் வேகம் இல்லை. எனவே இந்த மொத்தமும் அங்கே நிலை ஆற்றல்தான். நிலை ஆற்றல் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் 6,400-ஐ 6.272-ஆல் பெருக்கி 3.072-ஆல் வகுத்தால் 13,067 கி.மீ. இது மையத்திலிருந்து உள்ள தொலைவு. ஆரத்தைக் கழித்தால் 6,667. ஈர்ப்பு மாறிலியும் தேவைப்படவில்லை, புவியின் நிறையும் தேவைப்படவில்லை. புவியீர்ப்பை விட்டுத் திரும்பாமல் போகத் தேவையான விடுபடு வேகமும் இதே கணக்கில் வந்துவிடும்: மொத்தம் சுழியாக வேண்டுமென்றால் இயக்க ஆற்றல் 6.272 கோடி ஜூல் இருக்க வேண்டும். வேகம் வினாடிக்கு 11.2 கி.மீ. இதைத் தனிச் சூத்திரமாக ஏன் உருப்போட வைக்கிறார்கள் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

எந்த உயரம் வரை எம்.ஜி.எச்.-ஐ நம்பலாம்? உயரத்தை ஆரத்தால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ அந்தப் பங்குதான் பிழை. 64 கி.மீ.யில் ஒரு சதவீதம். மரம், மாடி, மலை எதற்கும் கவலையில்லை. துணைக்கோள் என்று வந்துவிட்டால் கூடாது.

விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் மூன்று. 400 கி.மீ. உயரம் என்று கேள்வியில் இருந்தால், மையத்திலிருந்து உள்ள தொலைவின் இடத்தில் 400-ஐயே போட்டுவிடுவார்கள். போட வேண்டியது 6,800. ஈர்ப்பு விசையில் தொலைவு வர்க்கமாக வருவதை நினைத்துக்கொண்டு ஆற்றலிலும் வர்க்கம் போடுவார்கள். அலகைச் சரிபார்த்தாலே பிடிபட்டுவிடும். மூன்றாவதுதான் மோசம்: சமன்பாட்டின் ஒரு பக்கம் தரையைச் சுழியாகவும் மறுபக்கம் முடிவிலியைச் சுழியாகவும் வைப்பது. ஒரே கணக்கில் இரண்டு சுழி இருக்க முடியாது.

துணைக்கோளை உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டால் தானாகச் சுற்றும் என்ற நினைப்பும் பலரிடம் இருக்கிறது. 400 கி.மீ. உயரத்துக்கு ஒரு கிலோவை ஏற்ற 36.9 லட்சம் ஜூல் போதும். அங்கே வட்டப்பாதையில் சுற்ற வைக்கும் இயக்க ஆற்றல் 295 லட்சம் ஜூல், அதாவது எட்டு மடங்கு. ராக்கெட் கிளம்பிய சிறிது நேரத்திலேயே சாயத் தொடங்குவது இந்தப் பக்கவாட்டு வேகத்துக்காகத்தான்.

நீள்வட்டப் பாதையில் ஆற்றல் மட்டும் போதாது. கோண உந்தமும் (நிறை, பக்கவாட்டு வேகம், மையத்திலிருந்து உள்ள தொலைவு மூன்றின் பெருக்கம்) மாறாது என்பதைச் சேர்க்க வேண்டும். 2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-3 முதலில், தரையிலிருந்து மிகக் குறைந்த உயரம் 170 கி.மீ., மிக அதிக உயரம் 36,500 கி.மீ. என்ற பாதையில் விடப்பட்டது. மையத்திலிருந்து 6,570, 42,900 கி.மீ. இந்த இரு முனைகளிலும் வேகம் தொலைவுக்குச் செங்குத்தாக இருப்பதால், வேகத்தையும் தொலைவையும் பெருக்கினால் இரு முனையிலும் ஒரே எண்தான் வரும். எனவே கிட்டத்து வேகம் தூரத்து வேகத்தைப் போல் 6.53 மடங்கு. இதை ஆற்றல் சமன்பாட்டில் இட்டால் வினாடிக்குச் சுமார் 10.3 கி.மீ., 1.6 கி.மீ. என்று இரண்டும் கிடைத்துவிடும். விடுபடு வேகத்துக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை மாணவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இத்தகைய கணக்குகளை வெளியிடும்போது, தரப்பட்ட தொலைவு தரையிலிருந்தா, மையத்திலிருந்தா என்பதைக் கேள்வியிலும், சுழியை எங்கே வைத்தோம் என்பதை விடையின் முதல் வரியிலும் குறிப்பிட வேண்டுகிறோம்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.