இலாகா இல்லாத அமைச்சர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூட்டணி அமைச்சரவை பற்றிய விவாதங்களில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்ற கணக்கே பேசப்படுகிறது. மகாராஷ்டிராவில் 2024 தேர்தலுக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். நவம்பர் 23-ல் முடிவு வந்தது. முதல்வர் பட்னாவிஸும் துணை முதல்வர்கள் ஷிண்டே, அஜித் பவாரும் பதவியேற்றது டிசம்பர் 5-ல். டிசம்பர் 15-ல் நாக்பூரில் மேலும் 39 பேர் பதவியேற்றார்கள். பாஜக 19, சிவசேனா 11, தேசியவாத காங்கிரஸ் 9. மறுநாளே குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. ஆனால் இலாகாக்கள் அறிவிக்கப்பட்டது, கூட்டத்தொடர் முடிந்த 21-ம் தேதி இரவில்தான்! விவசாயிகளுக்காகக் கேள்வி கேட்க வந்த உறுப்பினருக்கு, வேளாண் அமைச்சர் யார் என்றே தெரியாத ஒரு வாரம் அது. 230-க்கும் மேற்பட்ட இடங்களை வென்ற கூட்டணிக்கு இந்தத் தாமதம் எதற்கு?

அதோடு நிற்கவில்லை. 2025 ஜனவரியில் மாவட்டப் பொறுப்பு அமைச்சர்கள் பட்டியல் வந்த மறுநாளே ராய்கட், நாசிக் நியமனங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மாவட்டத் திட்டக்குழுவுக்குத் தலைமை வகிப்பவர் பொறுப்பு அமைச்சர்தான். கட்சிகளின் இழுபறியில் காத்துக் கிடப்பது கிராமச் சாலையும் குடிநீர்த் திட்டமும்.

அமைச்சரவையின் உச்சவரம்பை அவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதம் என்று வரையறுத்த 91-வது அரசியல் சாசனத் திருத்தம், கால வரம்பு எதையும் சொல்லவில்லை. பதவியேற்ற 48 மணி நேரத்துக்குள் இலாகா ஒதுக்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவர வேண்டும்.

- ஒரு வாசகர், மதுரை