திட்டம் போடாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் மளிகைச் செலவை மிச்சம் பிடிக்கப் பத்து வழிகள் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். பத்தையும் பொறுமையாகத்தான் படித்தேன். நடுவில் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில், 'திட்டமிட்டுச் செலவு செய்யும் இல்லத்தரசிக்கு விலைவாசி உயர்வு தெரியவே தெரியாது' என்று ஒரு வரி. அதைப் படித்த பிறகு அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. எழுதியவர் யாரோ, பாவம், அவரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த வரியைத் தேடிப் பிடித்துக் கட்டம் கட்டியது உங்கள் அலுவலகம்தானே.

என் கணவர் இங்கே ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேம் என்கிற நூல் நூற்கும் மெஷினில் நின்று நின்றே ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் 2,300 ரூபாய் சொச்சம். ஓய்வு பெற்ற மாதம் வந்ததும் அதே தொகை, இந்த மாதம் வந்ததும் அதே தொகை. நான் ரவிக்கை தைக்கிறேன், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். திருப்பூரில் இருக்கும் பையன் அவனால் ஆனதை அனுப்புகிறான். இதில்தான் வாடகை, கரண்ட், மாத்திரை, மளிகை எல்லாம். திட்டம் போடாமல் இந்தக் குடும்பம் ஒரு வாரமாவது ஓடியிருக்குமா என்று உங்கள் கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அவருடைய முதல் வழி, மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்குவது. கீழமாசி வீதியில் மொத்தக் கடையில் வாங்கினால் மலிவு என்று மதுரையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, போய்வரக் காசு செலவில்லை. எல்லாம் சரி. ஒன்றாம் தேதி கையில் மொத்தமாகப் பணம் வேண்டாமா? எங்களுக்குப் பென்ஷன் ஒரு நாள் வரும், பையன் பணம் பத்துத் தேதிக்கு மேல் வரும், தையல் காசு முகூர்த்த மாதமென்றால் வரும், ஆடியும் மார்கழியும் என்றால் வராது. அதனால் தெருமுனைக் கடையில் நோட்டுப் போட்டுத்தான் வாங்குகிறோம். அங்கே எல்லாவற்றிலும் ரெண்டு ரூபாய், மூன்று ரூபாய் கூடத்தான் எழுதுவார் அண்ணாச்சி. கேட்க முடியுமா? மாதம் பூராவும் கடன் கொடுக்கிற மனுஷர். நீங்கள் சொல்லும் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண்ணிடம் போய், 'எழுதிக்கொள்ளம்மா, பத்துத் தேதிக்குத் தருகிறேன்' என்று சொன்னால் நடக்குமா?

அடுத்து, மசாலாப் பொடிகளை வீட்டிலேயே தயாரியுங்கள் என்று ஒரு வழி. வத்தலும் மல்லியும் வாங்கிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்தால் கடைப் பாக்கெட்டைவிட ரொம்ப மலிவு. இருபது வருஷம் அப்படித்தான் அரைத்தேன். இப்போது ஒரே நாளில் ஒரு கிலோ வத்தல், ஒன்றரைக் கிலோ மல்லி, மஞ்சள், மிளகு எல்லாம் வாங்கக் கையில் ரூபாய் இல்லை. வாங்கினாலும் காயப்போட மொட்டை மாடி வேண்டும். வீட்டுக்காரம்மா மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருக்கிறார். அதனால் பத்து ரூபாய்ப் பாக்கெட். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், கிராமுக்கு எத்தனை பைசா என்று இப்போதெல்லாம் அச்சடித்திருப்பார்கள். சட்டம் அப்படி. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டை மூக்குக்கிட்ட வைத்துப் படித்தேன். கால் கிலோ பாக்கெட்டையும் எடுத்துப் படித்தேன். சின்னப் பாக்கெட் வாங்குகிறவள்தான் கிராமுக்கு அதிகம் கொடுக்கிறாள். 'என்னக்கா, பாக்கெட்டில் கதையா போட்டிருக்கு?' என்றான் கடைப் பையன்.

அரிசியிலும் இதே கதைதான். 2022 ஜூலையில் பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். 25 கிலோ வரைக்கும்தான் வரி. உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக, மூட்டையாக வாங்க முடிந்தவருக்கு வரி இல்லை, ஐந்து கிலோ பை வாங்குகிற எனக்கு வரி உண்டு. லூசில் வாங்கலாமே, அதற்கு வரி கிடையாதே என்பீர்கள். எங்கள் அண்ணாச்சி மூட்டை பிரிப்பதையே விட்டுவிட்டார். இதையெல்லாம் உங்கள் வணிகப் பக்கத்தில் எழுதியவர்கள்தானே நீங்கள்? ஞாயிறு இணைப்புக்காரர்கள் உங்கள் பேப்பரையே படிப்பதில்லை போலிருக்கிறது.

ரேஷனைக் குறை சொல்லவில்லை. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். இது இல்லையென்றால் எங்கள் பாடு என்னவென்று நினைக்கவே பயம். எங்கள் வீட்டு இட்லி ரேஷன் புழுங்கலரிசி இட்லிதான். ஆனால் உளுந்து? 2017-இல் நிறுத்தியது, நிறுத்தியதுதான். 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் வராமல், அந்த மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த மே மாதம் முழுக்க அண்ணாச்சி நோட்டில்தான் குழம்பு கொதித்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று வந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். என் மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள், அவள்தான் படித்துக் காட்டினாள். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்று அர்த்தம், ஏற்கெனவே ஏறியது ஏறியபடியேதான் இருக்கும். பருப்பு இறங்கியது உண்மை, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பருப்பில் மிஞ்சியதை எண்ணெய் தின்றுவிட்டது. 2024 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வரும் கச்சாப் பாமாயில், சூரியகாந்தி எண்ணெய்க்கெல்லாம் இருபது சதவீதம் அடிப்படை இறக்குமதி வரி போட்டார்கள். எங்கள் தெருவில் பாக்கெட் விலை உடனே ஏறியது. 2025 மே கடைசியில் அந்த வரியைப் பாதியாகக் குறைத்தார்கள். அந்தப் பாதி எங்கள் தெருவுக்கு வழி தெரியாமல் இன்னும் எங்கேயோ நிற்கிறது. அப்புறம், அந்த 0.25 கணக்கில் நகரத்துக் குடும்பத்தின் செலவில் உணவுக்கு 36 சதவீதம்தான் வைத்திருந்தார்களாம். என் வீட்டுக் கணக்கில் வாடகை போக மீதியில் முக்கால்வாசி வயிற்றுக்குத்தான் போகிறது. அது யார் வீட்டுச் சராசரியோ!

அரசு ஊழியர்களுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி. கொடுக்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை. பி.எஃப். பென்ஷன்காரருக்கு அகவிலைப்படி என்ற பேச்சே கிடையாது. குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள், இதை எழுதுகிற இன்றைக்கும் அதே ஆயிரம். மூவாயிரமாவது கொடுங்கள் என்று இந்தப் பென்ஷனை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவான கோஷியாரி கமிட்டி சொன்னது 2013-இல். அந்த ஆயிரம் மட்டும் வாங்குகிறவர்கள் எங்கள் செல்லூரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் படித்துக் காட்டுங்கள் உங்கள் ஆறாவது வழியை: 'எண்ணெய்ச் செலவைக் குறைக்க ஏர் ஃப்ரையர் வாங்குங்கள்.' எதிர்ப்பக்கம் முழுக்க நகைக்கடை விளம்பரம். பொருத்தம்தான்.

தயவுசெய்து என்னைத் தவறாக எண்ண வேண்டாம். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான். மளிகையில் எதை எதையோ நிறுத்தியிருக்கிறோம், பேப்பரை நிறுத்தவில்லை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். போன வருஷமும் ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை. அந்த வாரம் அந்த இடத்தில் ஒரு வாசகியின் கோலம் வந்திருந்தது. நல்ல கோலம்.

அதில் கேட்டதையே மறுபடி கேட்கிறேன். மதுரைப் பதிப்பில் தினமும் கோயம்பேடு மொத்த விலை போடுகிறீர்கள். கோயம்பேட்டில் கத்திரிக்காய் மூட்டை என்ன விலை விற்றால் எனக்கென்ன? நான் சென்னைக்குப் போயா கத்திரிக்காய் வாங்கப் போகிறேன்? தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தையை 1999-இல் எங்கள் ஊர் அண்ணா நகரில்தான் திறந்தார்கள். அங்கேயும் பழங்காநத்தத்திலும் தினமும் காலையில் பலகையில் விலை எழுதிப்போடுகிறார்கள். அந்தக் கிலோ விலையைப் போடுங்கள். பக்கத்திலேயே கீழமாசி வீதி துவரம்பருப்பு, உளுந்து, கடலை எண்ணெய் விலையை வாரம் ஒரு தடவையாவது போடுங்கள். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, 'என்ன அண்ணாச்சி, இன்றைக்கு விலை இதுதானே?' என்று ஒரு வார்த்தை கேட்டால் ரெண்டு ரூபாயில் ஒரு ரூபாயாவது குறையும். குறுக்கெழுத்துக்கு விடுகிற இடம் போதும். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

கடிதம் நீண்டுவிட்டது. சுருக்கித்தான் போடுவீர்கள், தெரியும். வத்தலையும் மொட்டை மாடியையும் வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள். பென்ஷன் பற்றி எழுதியதில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
செல்லூர், மதுரை.