கடைசிக் குண்டு சுட்டவனுக்கே பட்டையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் பழைய ஸ்ட்ரேட்டஜி கேம்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஜெனரல்ஸ்' கேமின் மூல நிரலை இ.ஏ. நிறுவனம் 2025 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டதைச் சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் யூனிட்களின் (சிப்பாய், டேங்க் போன்றவற்றின்) அனுபவத்தை, "சண்டை போடப் போட பலம் கூடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு 'ரெட் அலர்ட் 2' ஆட விட்டவன் நான். மிச்சத்தைச் சொல்கிறேன்.

அந்த கேமில் கணக்கு விலையை வைத்துத்தான். தன் விலையைப் போல மூன்று மடங்கு மதிப்புள்ள எதிரியை அழித்தால் அந்த யூனிட் வெட்டரன், அதாவது அனுபவசாலி; அதற்கு அடையாளமாக ஒரு பட்டை. மேலும் அடித்தால் எலைட், அதாவது உச்ச நிலை. அப்புறம் காயம் தானே ஆறும். 200 டாலர் ஜி.ஐ. சிப்பாய், 700 டாலர் கிரிஸ்லி டேங்க் ஒன்றைச் சாய்த்தாலே பட்டை விழுந்துவிடும். 1,750 டாலர் அப்போகலிப்ஸ் டேங்க் 5,250 டாலருக்கு அடித்தாக வேண்டும். இதுவரை நியாயம்தான். ஆனால் மொத்தப் பெயரும் கடைசிக் குண்டு சுட்டவனுக்கே போகும். விடிய விடிய சமைத்தவரை விட்டுவிட்டு, பந்தியில் பாயசம் ஊற்றியவரைப் புகழ்கிற கதை. கூட்டணி ஆட்டத்தில் இதனாலேயே எங்கள் பையன்களுக்குள் அடிதடி வந்திருக்கிறது.

ஒருவன் கேமின் விதிகள் இருக்கும் ரூல்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து, அந்த மூன்று மடங்கை ஒரு மடங்காக்கினான். (எல்லா மெஷினிலும் ஒரே ஃபைல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் நடுவில் அறுந்துவிடும்.) கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க எலைட். அடிபட்ட டேங்க்கைப் பின்னால் இழுத்துக் காப்பாற்ற ஒருவனும் மெனக்கெடவில்லை. சப்பென்று போய்விட்டது.

2007-இல் வந்த 'சுப்ரீம் கமாண்டர்' விலையைப் பார்க்காமல், அழித்த தலைகளை மட்டும் எண்ணியது. வேவு பார்க்கும் குட்டி ஸ்கவுட்டும் ஒன்று, எக்ஸ்பெரிமென்டல் என்ற மலை போன்ற ராட்சத யூனிட்டும் ஒன்று. 'ஃபோர்ஜ்டு அலையன்ஸ் ஃபாரெவர்' என்ற பெயரில் அதை இன்றும் பராமரிக்கிற ரசிகர்கள்தான் இதை மாற்றினார்கள். அழிந்த யூனிட்டின் மதிப்பு, அதை அடித்தவர்களுக்கெல்லாம் அவரவர் அடித்த அளவுக்குப் பங்காகப் போகிறது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் நடந்த மிகச் சிறந்த மாற்றம் இதுதான்.

'கம்பெனி ஆஃப் ஹீரோஸ்' (2006) இன்னொரு விதம். அதில் ஒரே ஒரு சிப்பாய் மிஞ்சி பேஸுக்கு ஓடி வந்தாலும் போதும், ஆள் சேர்த்து அதே அனுபவத்தோடு படையை மறுபடி அனுப்பலாம். ஓடித் தப்பிப்பதற்கு மரியாதை கொடுத்த கேம் அது! ஆனால் அதே கேமில் வேர்மாக்ட் என்ற ஜெர்மன் படை அனுபவத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். புதிதாக வருகிறவனும் பட்டையோடுதான் வருவான். எனக்கு அது ஒட்டவே இல்லை. 2013-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜெர்மன்காரனும் சண்டை போட்டுத்தான் சம்பாதிக்க வேண்டும் என்று மாற்றியதும் நிம்மதியானேன்.

ஒரு குறை பாக்கி. 'ரெட் அலர்ட் 2'-இல் ஐ.எஃப்.வி. என்ற ராணுவ வண்டியில் இன்ஜினியரை ஏற்றினால் அது டேங்க்குகளைப் பழுது பார்க்கும். எத்தனை டேங்க்கைப் பிழைக்க வைத்தாலும் அதற்குப் பட்டை கிடையாது. அந்த கேமின் நிரல் வெளிவரவில்லை, 'ஜெனரல்ஸ்' நிரல் கையில் இருக்கிறது. உங்கள் வாசகர்களில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள், பழுது பார்ப்பவருக்கும் அனுபவம் சேரும்படி அதில் ஒரு மாற்றம் செய்து பாருங்கள். ஆடிப் பார்த்துச் சொல்ல நானும் என் மகனும் தயார்.

இப்படிக்கு,
முன்னாள் பிரவுசிங் சென்டர்காரர்,
கோவில்பட்டி