பெரியம்மாவின் பயாப்ஸி பிளாக்கை வாங்கி வையுங்கள்

சிங்கப்பூர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இத்தனை நாள் எழுதாததற்கு ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் பெரியம்மாவின் நுரையீரல் புற்றுநோயைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் மனதை அறுக்கிறது.

எனக்கு ஒரு குறையுமில்லை. தேக்கா சந்தையில் முருங்கைக்காய், வாழைப்பூ எல்லாம் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, மழை வந்தால் நான் காயப்போட்ட துணியையும் எடுத்து மடித்து வைப்பார். மின்விசிறிக்குக் கீழே தூங்காதே என்று தினமும் அதட்டுவார்.

பீடி, சிகரெட் எதுவும் தொடாதவருக்கு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே பயோபோலிஸ் ஆராய்ச்சி வளாகத்தில் நாங்கள் துருவிக்கொண்டிருப்பதே அதைத்தான். பெரியம்மாவுக்கு வந்திருக்கும் அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய் வகையில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாறியிருக்கலாம். செல்லை 'வளர்' என்று ஏவும் புரதம் பிறகு ஓயவே ஓயாது. கிழக்காசிய நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது உண்டு. மேலைநாட்டவரில் 10 முதல் 15 சதவீதம். நம்மவர்கள் இரண்டுக்கும் நடுவே. பெரும்பாலும் இது கட்டிக்குள்ளேயே தோன்றும் மாற்றம், பரம்பரையாக வருவதல்ல. செல்வியிடம் இதைச் சொல்லுங்கள், பயந்திருப்பாள்.

மாற்றம் இருந்தால் அந்தப் புரதத்தை அடக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரை இருக்கிறது. அதனால் உடம்பு தாங்கும்வரை மரபணு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவசரப்பட்டு இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து) கொடுத்துவிட்டுப் பிறகு இந்த மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடும்.

சோதனைக்காகக் கட்டியிலிருந்து எடுக்கும் பயாப்ஸி சதை, அழுகாமல் காக்கும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் திரவத்தில் 6 முதல் 72 மணி நேரம்தான் இருக்க வேண்டும். அதிகம் ஊறினால் டிஎன்ஏ துண்டுதுண்டாகி, இல்லாத மாற்றத்தையும் இருப்பதாகக் காட்டிவிடலாம். எலும்பிலிருந்து எடுத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஆசிட் போட்டுக் கரைக்க வேண்டாம், ஈடிடிஏ என்ற மென்மையான ரசாயனத்தைப் போடச் சொல்லுங்கள். ஆசிட் டிஎன்ஏவைத் தின்றுவிடும். ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1 என்று ஒவ்வொரு மரபணுவாகச் சீவிப் பார்த்தால் சதை தீர்ந்துபோகும். முடிந்தால் பல மரபணுக்களைச் சேர்த்துப் படிக்கும் என்ஜிஎஸ் சோதனையில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்துவிட வேண்டும். அந்தச் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள், அதிலுள்ள எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள்.

சதை போதாவிட்டால், கட்டியிலிருந்து ரத்தத்தில் கசியும் டிஎன்ஏவைப் பார்க்கலாம். ரத்தம் உறையாதிருக்க ஈடிடிஏ போட்ட சாதாரணக் குழாய் என்றால் சில மணி நேரத்துக்குள் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். தாமதித்தால் வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டிஎன்ஏவைக் கொட்டும், கட்டியின் டிஎன்ஏ அந்த வெள்ளத்தில் காணாமல் போகும். ரத்தத்தில் 'இல்லை' என்று வந்தால் நம்பி விட்டுவிடாதீர்கள். மறுபடி சதையில்தான் பார்க்க வேண்டும்.

பெரியம்மா கொடுத்தனுப்பிய நாரத்தங்காய் ஊறுகாய் எப்போதோ தீர்ந்துவிட்டது. பாட்டிலைக் கழுவ மனம் வரவில்லை அண்ணா. அந்தத் திண்ணையில் அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போலிருக்கிறது.

இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளி வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். டெஸ்ட் செலவை மட்டும் தனியாக எழுதுங்கள், அதை எப்படியும் அனுப்பிவிடுவேன். கிணற்றடிச் சுவர் விஷயமாகச் சித்தப்பாவிடம் இப்போது பேச்செடுக்க வேண்டாம். பெரியம்மாவைத் தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகாதீர்கள், முருகேசன் காரைக் கேளுங்கள். ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

அன்புத் தம்பி,
ரவி