கொழும்பு அணிக்கு ஒரு பெயர் வையுங்கள், அதை மாற்றாதீர்கள்

ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனத்தில் லங்கா பிரீமியர் லீக் (எல்.பி.எல்) போட்டிகளுக்குப் பொறுப்பானவர்களுக்கும், இனிமேல் கொழும்பு அணியை வாங்கப் போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

என் அலுமாரியின் மேல்தட்டில் மூன்று ரீசேர்ட்டுகள் மடித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் கொழும்பு கிங்ஸ், ஒன்றில் கொழும்பு ஸ்டார்ஸ், மற்றதில் கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ். மூன்றும் ஒரே ஊருக்காக, ஐந்து பருவங்களுக்குள் வாங்கியவை. போன மாதம் தங்கையின் மகன் அவற்றை எடுத்து விரித்துப் பார்த்தான். அவனுக்குப் பத்து வயது. "மாமா, இதில எது எங்கட டீம்?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதனால் அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவருகிறேன்.

நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா அம்மாவின் ஊர் வடமராட்சி. 2020 இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது வீட்டில் எல்லோரும் யாழ்ப்பாண அணியின் பக்கம் போய்விட்டார்கள். அந்த ஆண்டுதான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை விஜயகாந்த் வியாஸ்காந்த் அந்த அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார். அவர் எடுத்த முதல் விக்கெட் எங்கள் கொழும்பு அணியின் அஞ்சலோ மெத்தியூஸ். அப்பா கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினார். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் நான் கொழும்பு. பந்து பிடிக்கப் பழகியது காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையிலுள்ள ஒரு ஒழுங்கையில். பிறந்த ஊருக்கு ஓர் அணி இருக்கும்போது அதை விட்டுவிட்டு வேறு அணிக்குக் கத்த எனக்கு மனம் வரவில்லை.

தோல்வியை நாங்கள் தாங்கியிருக்கிறோம். முதல் பருவத்தில் கொரோனா காரணமாக எல்லா ஆட்டங்களும் அம்பாந்தோட்டையில், வெறும் மைதானத்தில் நடந்தன. முதல் ஆட்டத்திலேயே கண்டியும் நாங்களும் ஆளுக்கு 219 ஓட்டங்கள் எடுத்துச் சமநிலை, ஆளுக்கு ஓர் ஓவர் ஆடும் சுப்பர் ஓவரில் எங்களுக்கு வெற்றி. பட்டியலில் முதலிடம் பிடித்தும் அரையிறுதியில் காலி அணியிடம் தோற்றோம். சரி, விளையாட்டு என்றால் அப்படித்தான். அடுத்த ஆண்டு பெயர் ஸ்டார்ஸ் ஆனது. அந்த முறையும் இறுதிப் போட்டியைத் தொடவில்லை.

அப்புறம் 2022 டிசம்பர் 23. அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாடு வரிசையில் நின்று களைத்த ஆண்டு அது. பெட்ரோல் கியூ.ஆர் அட்டைக்கு அளந்துதான் கிடைத்தது. மச்சானும் நானும் வெள்ளவத்தையில் ரயில் ஏறி மருதானையில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில் பிரேமதாச மைதானத்துக்குப் போனோம். அவன் யாழ்ப்பாண அணி ரீசேர்ட், நான் ஸ்டார்ஸ் ரீசேர்ட். வாசலில் இஸ்ஸோ (இறால்) வடை, உள்ளே பப்பரே வாத்தியம். ஒரு வருடமாகச் சிரிக்காத ஆட்கள் எல்லாம் அன்றைக்கு ஆடினார்கள். நாங்கள் 163 எடுத்தோம். அவர்களது விக்கெட்டுகள் விழ விழ என் பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மாளிகாவத்தைக்காரர், தலையில் ஸ்டார்ஸ் தொப்பி. கடைசி ஓவருக்குப் போன ஆட்டத்தில் யாழ்ப்பாணம் இரண்டே விக்கெட்டால் வென்றது. மச்சான்கூடத் துள்ளவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு இருந்துவிட்டான். அந்தப் பெரியவர் எழும்பும்போது என்னிடம் சொன்னார்: "பரவாயில்ல மகன், அடுத்த வருஷம் எங்கட புள்ளைகள் எடுப்பாங்க."

அடுத்த வருஷம் வந்தது. அந்த அணி இல்லை.

ஸ்டார்ஸ் போய் ஸ்ட்ரைக்கர்ஸ் வந்தது. புதிய உரிமையாளர், புதிய சின்னம், புதிய நிறம். பாகிஸ்தான் வீரர் பாபர் அசாமைக் கொண்டுவந்தார்கள், அவர் சதமும் அடித்தார், அணி ஐந்தில் ஐந்தாவதாக முடித்தது. 2024 ஏலத்தில் வேகப்பந்து வீச்சாளர் மதீஷ பத்திரனவுக்கு 1,20,000 டொலர் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு மூன்று முறை கிண்ணம் வாங்கிக் கொடுத்த திசர பெரேராவைத் தலைவராக்கினார்கள். கண்டியிடம் தோற்று வெளியே வந்தோம். ஐந்து பருவங்களில் யாழ்ப்பாணத்துக்கு நான்கு கிண்ணம், கண்டிக்கு ஒன்று. தலைநகருக்கு ஒன்றும் இல்லை. 2025 இல், ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்றவில்லை என்று சொல்லி ஸ்ட்ரைக்கர்ஸையும் யாழ்ப்பாணத்தின் ஜப்னா கிங்ஸையும் நீங்கள் நீக்கினீர்கள். அந்த ஆண்டுப் போட்டியும் உலகக் கிண்ண மைதான வேலைகளுக்காகத் தள்ளிப்போனது.

கடமையைச் செய்யாத உரிமையாளரை நீக்குவது உங்கள் உரிமை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உரிமையாளர் போகும்போது அணியின் பெயரும் ஏன் கூடவே போக வேண்டும்? அந்தப் பெயரைக் கத்தித் தொண்டை கட்டியவர்கள் நாங்கள்.

வெள்ளவத்தையில் ஐ.பி.எல் காலத்தில் மஞ்சள் ரீசேர்ட்டுகளைப் பார்க்கலாம். சென்னை சுப்பர் கிங்ஸ் 2016, 2017 இரண்டு ஆண்டுகள் தடை செய்யப்பட்டு வெளியே இருந்தது. நிர்வாகத்தோடு தொடர்பான ஒருவர் செய்த சூதாட்டத் தவறு அது. 2018 இல் அதே பெயர், அதே மஞ்சள், அதே தோனி என்று திரும்பி வந்து கிண்ணத்தையும் எடுத்தார்கள். அந்த இரண்டு ஆண்டும் ரசிகர்கள் பழைய ரீசேர்ட்டைத் தூக்கி எறியவில்லை. திரும்பி வர ஒரு பெயர் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், பொரளைப் பக்கம் வாருங்கள். தமிழ் யூனியன் 1899 இல் தொடங்கிய கழகம். அதன் ஓவல் மைதானத்தில் 1948 இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி ஆடியது, இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் சதாசிவம். இலங்கையின் முதல் டெஸ்ட் ஆட்டமும் 1982 பெப்ரவரியில் அங்கேதான் நடந்தது. முரளிதரன் ஆடிய கழகம். தாத்தா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போன நாட்களில் பார்க்க வந்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ணலாம். கழகம் தோற்றும் இருக்கிறது, பின்தங்கியும் இருக்கிறது. ஆனால் தாத்தா சொன்ன அதே பெயரை நானும் சொல்கிறேன். அவர் பார்த்த ஆட்டமும் நான் பார்த்த ஆட்டமும் ஒரே அணியின் கதையாக இருக்கின்றன. எங்கள் எல்.பி.எல் அணியிலோ, நான் பார்த்த 2020 அரையிறுதியும் 2022 இறுதியும் ஒரே அணியின் கதை என்று மருமகனுக்கு நிரூபிக்கவே நான் பாடுபட வேண்டியிருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். கொழும்பு அணியின் பெயர், நிறம், சின்னம் மூன்றையும் லீக்கின் சொத்தாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவருக்கு அணியை நடத்தும் உரிமையை மட்டும் கொடுங்கள். அவர் தன் வியாபாரப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொள்ளட்டும், முதுகில் போட்டுக்கொள்ளட்டும், ஊரின் அணிப் பெயரில் கை வைக்க வேண்டாம். ஒரு பருவத்தோடு கைகழுவிப் போக முடியாதபடி சில ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒப்பந்தம் எழுதுங்கள். வீரர்களின் சம்பளத்துக்கான பணத்தைப் போட்டி தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள். புதிய பெயரைத்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் வையுங்கள், ஆனால் அதுவே கடைசி மாற்றமாக இருக்கட்டும். 2020 இலிருந்து வந்த வெற்றி தோல்விகளை அந்தப் பெயரின் கணக்கிலேயே எழுதுங்கள். அந்த 2022 இறுதிப் போட்டி எங்களுடையது. தோற்றாலும் எங்களுடையது.

யாழ்ப்பாணத்துக்கும் இதே நியாயம் வேண்டும். நான்கு கிண்ணம் வென்ற அணி, அந்த ஐந்து பருவங்களில் யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மண்டைதீவில் மைதானத்துக்கு 2025 இல் அடிக்கல் நாட்டினார்கள். அது எழும்பும்போது அங்கே இறங்க, அந்தச் சனங்களுக்குத் தெரிந்த பெயரில் ஓர் அணி மிச்சம் இருக்க வேண்டும்.

கொழும்பு அணியை வாங்க வருகிறவருக்கும் ஒரு வார்த்தை. பெரிய வெளிநாட்டு வீரர்கள் வரட்டும், சந்தோஷம். கொட்டாஞ்சேனையிலும் தெமட்டகொடையிலும் டெனிஸ் பந்தில் விளையாடும் பிள்ளைகளையும் ஒரு நாள் வந்து பாருங்கள். ஆட்ட அட்டவணை போடும்போது சொந்த மைதானத்தில் கூடுதல் ஆட்டங்களைக் கேட்டு வாங்குங்கள். பல்லேகலையிலும் தம்புள்ளையிலும் நடப்பதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். பிரேமதாசவில் ஒரு பக்கத்து இருக்கைகளையாவது, பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுங்கள். அந்த மாளிகாவத்தைப் பெரியவர் இன்னும் அங்கே வருவார் என்று நம்புகிறேன். அவரை மறுபடியும் பார்த்தால் பக்கத்தில் இருந்துகொள்வேன்.

மருமகனுக்குக் கொழும்பு அணி ரீசேர்ட் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை வளர்வான் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். பெயரை முடிவுசெய்ததும் சொல்லுங்கள். பதின்மூன்று வயதிலும் அவன் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு கொழும்பு ரசிகன்